இன்னொரு பிரபஞ்சத்தில் இன்னொரு நான் இருக்கிறேனா?

கேள்வி: அண்டார்டிகாவில் காலம் பின்னோக்கி ஓடும் இணைப் பிரபஞ்சத்தை நாசா கண்டுபிடித்துவிட்டது என்ற செய்தி எங்கள் குடும்பக் குழுவில் மறுபடியும் சுற்றுகிறது. இணைப் பிரபஞ்சம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? அங்கே இன்னொரு நான் இருப்பேனா? இயற்பியல் படிக்காத எனக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

பதில்:

முதலில் அந்தச் செய்தியை முடித்துவிடுவோம். நாசா அப்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை, கண்டுபிடித்ததாகச் சொல்லவும் இல்லை. நான் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன். 2020 மே மாதம் இந்தச் செய்தி முதலில் வந்தபோது என் மாணவர்களில் பாதிப் பேர் அதை எனக்கு அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். அனிடா என்று ஒரு கருவி. பெரிய பலூனில் கட்டி, அண்டார்டிகாவுக்கு மேலே சுமார் 37 கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கவிடப்படும் ரேடியோ ஆன்டெனாக்களின் கூட்டம். நாசா நிதி கொடுத்து பலூனைப் பறக்கவிட்டது. ஆய்வை நடத்தியவர்கள் ஹவாய் பல்கலைக்கழகத்தின் தலைமையில் பல நாட்டு விஞ்ஞானிகள். விண்வெளியிலிருந்து மிக வேகமான துகள் ஒன்று காற்று மண்டலத்தில் மோதினால் ஒரு ரேடியோத் துடிப்பு எழும். மேலிருந்து வந்து பனியில் பட்டு எதிரொலிக்கும் துடிப்பு தலைகீழாகத் திரும்பியிருக்கும். 2006-லும் 2014-லும் தொடங்கிய இரண்டு பயணங்களில் தலா ஒரு துடிப்பு மட்டும் அப்படித் திரும்பாமல், பூமிக்குள்ளிருந்து மேல்நோக்கி வந்ததுபோல் தெரிந்தது. அவ்வளவு ஆற்றலுள்ள துகள் எதுவும் பூமியை இத்தனை தூரம் துளைத்துக்கொண்டு வர முடியாது. எதிலும் மோதாமல் எளிதாக ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற துகளால்கூட முடியாது. அதனால்தான் எல்லோரும் குழம்பினார்கள். தென்துருவப் பனிக்குள் புதைத்திருக்கும் ஐஸ்கியூப் என்ற கருவியின் தரவில் அதே திசைகளைத் தேடிப் பார்த்தார்கள். 2020-ல் வந்த முடிவு, பொருத்தமாக எதுவும் இல்லை என்பது. அர்ஜென்டினாவில் உள்ள பியர் ஓஷே ஆய்வகமும் தேடிவிட்டு, 2025-ல் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னது.

இதற்குச் சம்பந்தமே இல்லாமல், 2018-ல் மூன்று இயற்பியலாளர்கள் ஒரு கருத்தை வெளியிட்டிருந்தார்கள். பெருவெடிப்புக்கு அந்தப் பக்கம், நம் பிரபஞ்சத்தின் கண்ணாடிப் பிம்பம்போல, காலம் எதிர்த்திசையில் செல்லும் ஒன்று இருக்கலாம் என்பது அவர்களுடைய கணிதம். யாரோ இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். பரபரப்புப் பத்திரிகைகள் நாசாவின் பெயரைத் தலைப்பில் போட்டன. அது அப்படியே உங்கள் குடும்பக் குழுவரை வந்துவிட்டது.

சரி, இப்போது நிஜமான கேள்விக்கு வருவோம். இணைப் பிரபஞ்சம் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று தனித்தனி எண்ணங்கள் உலவுகின்றன. அவற்றைக் கலந்து பேசுவதால்தான் இவ்வளவு குழப்பமும். மூன்றில் எதையும் யாரும் பார்த்ததில்லை. ஆனால் மூன்றில் எதுவும் ஒரு சுவாரசியத்துக்காகக் கற்பனை செய்யப்பட்டதும் இல்லை. வேறு ஏதோ ஒரு புதிரைத் தீர்க்கப் போனவர்களின் சமன்பாட்டிலிருந்து, கேட்காமலே வெளியே வந்தவை அவை. அதனால் ‘இருக்கிறதா, இல்லையா’ என்று என்னிடம் கேட்டால், ‘எந்தக் கொள்கையிலிருந்து வந்த பிரபஞ்சம்? அந்தக் கொள்கையை எவ்வளவு சோதித்திருக்கிறோம்?’ என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘பிரபஞ்சம்’ என்ற சொல்லின் அளவே மாறிக்கொண்டு வந்திருக்கிறது. நூறு வருடங்களுக்கு முன்பு பல வானியலாளர்களுக்குப் பிரபஞ்சம் என்றால் நம் பால்வெளி மண்டலம் மட்டும்தான். தொலைநோக்கியில் தெரிந்த சுருள் வடிவ மேகங்கள் பால்வெளிக்குள்ளேயே இருக்கும் வாயுவா, அல்லது வெளியே இருக்கும் ‘தீவுப் பிரபஞ்சங்களா’ என்று 1920-ல் வாஷிங்டனில் ஷேப்லி, கர்ட்டிஸ் என்ற இரு வானியலாளர்கள் மேடையேறி வாதிட்டார்கள். 1923 அக்டோபரில் எட்வின் ஹப்பிள் மவுன்ட் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எடுத்த படத்தில், ஆண்ட்ரோமீடா மேகத்துக்குள் ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீன் அகப்பட்டது. அந்த வகை விண்மீனின் துடிப்பை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். பால்வெளியின் எல்லைக்கு வெகுதூரம் வெளியே இருந்தது அது. இன்றைய கணக்கில் 25 லட்சம் ஒளியாண்டு. ஆக ‘வேறு பிரபஞ்சங்கள் உண்டா’ என்ற கேள்விக்கு ஒருமுறை ‘உண்டு’ என்று பதில் கிடைத்திருக்கிறது. கிடைத்த பிறகு அவற்றை கேலக்ஸி என்று அழைக்க ஆரம்பித்தோம், பிரபஞ்சம் என்ற சொல்லைப் பெரிதாக்கிக்கொண்டோம்.

இனி முதல் வகை. கடற்கரையில் நின்று பார்த்தால் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் அடிவானம் தெரியும். கடல் அங்கே முடிந்துவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. பிரபஞ்சத்துக்கும் அப்படி ஓர் அடிவானம் உண்டு. பெருவெடிப்பு நடந்து 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நம்மை வந்தடைய நேரம் கிடைத்த ஒளியை மட்டுமே நாம் பார்க்க முடியும். ஒளி பயணம் செய்துகொண்டிருக்கும்போதே வெளியும், அதாவது எல்லாம் இருக்கும் அந்த இடமே, விரிந்ததால், அந்த எல்லை இன்று எல்லாத் திசையிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதற்கு அப்பாலும் கேலக்ஸிகள் இருக்கின்றன என்பதில் வானியலாளர்களுக்குச் சந்தேகமில்லை. எவ்வளவு தூரத்துக்கு என்பதுதான் கேள்வி. பிளாங்க் செயற்கைக்கோளின் அளவீடுகளின்படி, வெளியின் வளைவு அரை சதவீதத்துக்கும் குறைவான பிழைக்குள் பூஜ்ஜியம், அதாவது பந்தின் மேற்பரப்புபோல் வளைந்து மூடாமல் தட்டை. தட்டையாக இருந்தால் முடிவில்லாமல் இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் முடிவில்லாமல் இருக்கலாம்.

இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கோலக் கணக்கு சொல்கிறேன். வாசலில் மூன்றுக்கு மூன்று என்று 9 புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் வெள்ளையாக இருக்கலாம் அல்லது காவியாக இருக்கலாம். மொத்தம் எத்தனை விதம்? இரண்டை ஒன்பது முறை பெருக்கினால் 512. அப்படியானால் ஒரு தெருவில் 513 வீடு இருந்தால், ஏதோ இரண்டு வீட்டு வாசலில் ஒரே கோலம் இருந்தே தீரும். யாரும் யாரைப் பார்த்தும் போட்டிருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டுக் கோலமேதான் திரும்ப வர வேண்டும் என்றால் தெரு இன்னும் நீள வேண்டும். முடிவே இல்லாத தெருவாக இருந்து, ஒவ்வொரு வீட்டிலும் கைக்கு வந்த நிறத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போனால், உங்கள் கோலம் எண்ணற்ற முறை திரும்ப வரும்.

குறிப்பிட்ட அளவு இடத்துக்குள், குறிப்பிட்ட அளவு ஆற்றலை வைத்துக்கொண்டு பொருளை எத்தனை விதமாக அடுக்கலாம் என்பதற்கு, அணு அளவிலான உலகின் விதிகளைச் சொல்லும் குவாண்டம் இயற்பியல் ஓர் எல்லை வைக்கிறது. நினைக்க முடியாத அளவு பெரிய எண், ஆனாலும் ஓர் எண். எனவே வெளி முடிவில்லாததாகவும், பொருள் எங்கும் இதே மாதிரி பரவியும் இருந்தால், நம்முடைய அடுக்கும் எங்கோ திரும்ப வரும். இதே தெரு, இதே வீடு, இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்கும் இன்னொரு நீங்கள். எவ்வளவு தூரத்தில் என்று மேக்ஸ் டெக்மார்க் என்ற இயற்பியலாளர் உத்தேசமாகக் கணக்குப் போட்டிருக்கிறார். நாம் பார்க்கும் பிரபஞ்சம் முழுவதும் அப்படியே திரும்ப வர வேண்டுமானால், அந்தத் தூரத்தை எழுத 1-க்குப் பின்னால் போட வேண்டிய பூஜ்ஜியங்களின் எண்ணிக்கையே நாம் பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள மொத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிடும்.

இந்த வகையில் புதிய இயற்பியல் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இணையாக வேறொரு பரிமாணம், கதவைத் திறந்தால் மறுபக்கம், அதெல்லாம் கிடையாது. இதே வெளிதான், இதே விதிகள்தான், தூரம் மட்டுமே அதிகம். எல்லாமே ‘முடிவில்லாத’ என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது. அதை அளந்து சொல்ல வழியில்லை.

இரண்டாவது வகைக்கு வருவதற்குப் பழைய டிவியிலிருந்து தொடங்கலாம். மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்திருந்த காலத்தில், நிகழ்ச்சி முடிந்ததும் திரையில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளிகள் இரையுமே, நினைவிருக்கிறதா? அந்த இரைச்சலில் ஒரு சிறு பங்கு, பெருவெடிப்புக்கு 3.8 லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு கிளம்பிய ஒளி. 1964-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில் நிற்காத இரைச்சல் ஒன்றைக் கேட்டார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைக்கூட விரட்டிவிட்டு, எச்சத்தைத் துடைத்துப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது அந்தப் பழைய ஒளிதான். வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அந்த நுண்ணலைக் கதிர்வீச்சின் வெப்பநிலை, தனிப் பூஜ்ஜியத்துக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு, 2.7 டிகிரி மேலே.

அது எல்லாத் திசையிலும் ஒரே வெப்பநிலையாக இருப்பதுதான் புதிர். லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வித்தியாசம். திருநெல்வேலியில் ஒரு வீட்டில் ஆற்றி வைத்த காபியும், டெல்லியில் ஒரு வீட்டில் ஆற்றி வைத்த காபியும் லட்சத்தில் ஒரு பங்குகூட மாறாமல் ஒரே சூட்டில் இருந்தால் என்ன நினைப்போம்? ஒரே பாத்திரத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்றுதானே? ஆனால் எளிய பெருவெடிப்புக் கணக்கின்படி, வானத்தின் இந்த ஓரமும் அந்த ஓரமும் ஒன்றையொன்று தொட்டிருக்கவே நேரமில்லை.

1980 வாக்கில் ஆலன் குத் என்ற இயற்பியலாளர் ஒரு விடை சொன்னார். சோவியத் ஒன்றியத்தில் ஸ்டாரோபின்ஸ்கியும், சற்றுப் பின்னர் லிண்டேயும் அதே பாதையில் வந்தார்கள். அந்த விடையின் பெயர், பணவீக்கத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் இன்ஃப்ளேஷன் என்ற அதே சொல்தான். இங்கே வீங்கியது வெளி. பிறந்த முதல் நொடியின் மிக மிகச் சிறிய துணுக்கில், பிரபஞ்சம் குறைந்தது 1-க்குப் பின்னால் 26 பூஜ்ஜியம் போட்ட மடங்கு வீங்கியது என்பது கொள்கை. அப்படியானால் இரண்டு காபியும் வீக்கத்துக்கு முன் ஒரே பாத்திரத்தில்தான் இருந்தன. வெளி தட்டையாகத் தெரிவதற்கும் விடை கிடைக்கிறது. எதையும் இவ்வளவு பெரிதாக ஊதினால் அதன் வளைவு கண்ணுக்குத் தெரியாது. கதிர்வீச்சில் இருக்கும் நுண்ணிய ஏற்ற இறக்கங்கள் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்றும் கணித்தார்கள். கோப், டபிள்யூமேப், பிளாங்க் என்று அடுத்தடுத்து வந்த செயற்கைக்கோள்களின் அளவீடுகள் அந்தக் கணிப்போடு நன்றாகவே ஒத்துப்போயின.

அப்புறம்தான் வேண்டாத விருந்தாளி வந்தது. இந்த வீக்கம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்காது என்று 1980-களில் விலென்கினும் லிண்டேயும் காட்டினார்கள். உலைநீர் கொதிக்கும்போது அங்கங்கே குமிழி வருவதுபோல, அங்கங்கே வீக்கம் நின்று ஒரு குமிழி உருவாகும். நாம் இருப்பது அப்படி ஒரு குமிழிக்குள். ஆனால் சாதாரண உலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இங்கே குமிழிகளுக்கு இடையில் உள்ள நீர், குமிழிகள் பெருகுவதைவிட வேகமாக வீங்கிக்கொண்டிருக்கிறது. அதனால் உலை தீராது, குமிழிகளும் தீராது. இந்தக் கணிதத்தில் அது ஒருமுறை தொடங்கிவிட்டால் எதிர்காலத்தில் முற்றிலும் நிற்பதே இல்லை. துகள்கள் எல்லாம் அதிரும் நுண்ணிய இழைகள்தான் என்று சொல்லும் இழைக் கொள்கைக்காரர்கள் இதன்மேல், ஒவ்வொரு குமிழியிலும் இயற்பியல் எண்களே வேறாக இருக்கலாம் என்று சேர்த்துச் சொல்வார்கள். அந்தக் கொள்கைக்கே சோதனை ஆதாரம் இல்லாததால் அதில் நான் அதிகம் நிற்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வெற்றிடத்துக்கும், வெளியை மேலும் விரியத் தள்ளும் ஓர் ஆற்றல் இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கில் வரும் எண், நிஜத்தில் இருக்கக்கூடிய அளவைவிட 1-க்குப் பின்னால் 120 பூஜ்ஜியம் என்ற அளவில் அதிகம். 1987-ல் ஸ்டீவன் வெய்ன்பெர்க் என்ற இயற்பியலாளர் வேறு மாதிரி யோசித்தார். பிரபஞ்சங்கள் பல, ஒவ்வொன்றிலும் இந்த எண் வேறு என்று வைத்துக்கொள்வோம். எண் மிகப் பெரிதாக உள்ள இடத்தில் வெளி சிதறிப்போய் கேலக்ஸிகளே உருவாகாது. கேள்வி கேட்க ஆளும் இருக்காது. ஆகவே நாம் இருக்கும் இடத்தில் அது ஒரு வரம்புக்குள் சிறியதாக இருக்கும், ஆனால் பூஜ்ஜியமாக இருக்கக் காரணமில்லை என்றார். பூஜ்ஜியமாகத்தான் இருக்கும் என்று அப்போது பெரும்பாலானோர் நம்பினார்கள். 1998-ல் தொலைதூர சூப்பர்நோவாக்களை, அதாவது வெடிக்கும் விண்மீன்களை, பார்த்த இரண்டு குழுக்கள் பிரபஞ்ச விரிவு வேகமெடுப்பதைக் கண்டுபிடித்தன. எண் பூஜ்ஜியம் இல்லை. வெய்ன்பெர்க் சொன்ன வரம்புக்குள் இருந்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. இது பல பிரபஞ்சங்களுக்கு நிரூபணம் ஆகிவிடாது. ஆனாலும் இந்த எண்ணத்தை நான் எளிதாக ஒதுக்காததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது வகைதான் திரைப்படங்களுக்குப் பிடித்தது: நீங்கள் ஒரு முடிவெடுக்கும்போது உலகம் இரண்டாகப் பிரிகிறது என்பது. இந்த எண்ணத்தைத் தொடங்கிவைத்தவர் ஹியூ எவரெட். பிரின்ஸ்டனில் ஜான் வீலரிடம் ஆய்வு செய்த மாணவர். 1957-ல் முனைவர் பட்டம்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்சினை இது. ஓர் எலக்ட்ரானின் முன் இரண்டு பிளவுகளை வைத்தால், அது இரண்டு வழியாகவும் போனால்தான் விளங்கக்கூடிய ஒரு வடிவம் திரையில் கிடைக்கிறது. எலக்ட்ரான் மட்டுமில்லை, 2019-ல் சுமார் 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலேயே இந்த அலைத் தன்மையைக் காட்டிவிட்டார்கள். ஆனால் எந்த வழியில் போகிறது என்று அளந்து பார்த்தால் எப்போதும் ஒரே ஒரு விடைதான் வருகிறது. அளக்கும் கணத்தில் மற்ற சாத்தியம் மறைந்துவிடுகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. எப்படி மறைகிறது? சமன்பாட்டில் அப்படி மறைய வழியே இல்லை. மறைகிறது என்பது வெளியிலிருந்து ஒட்டவைத்த விதி. எவரெட், அந்த ஒட்டை எடுத்துவிடுவோம் என்றார். சமன்பாட்டை அப்படியே நம்பினால், எலக்ட்ரானின் இரண்டு நிலையும் கருவிக்குப் பரவுகிறது, கருவியிலிருந்து பார்ப்பவருக்கும் பரவுகிறது. இடப்பக்கம் என்று கண்டவர் ஒரு கிளையில், வலப்பக்கம் என்று கண்டவர் இன்னொரு கிளையில். இரண்டும் நிஜம். ஒன்றுக்கு மற்றது தெரியாது.

குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்மார்க்கின் நீல்ஸ் போர் இதை ஏற்கவில்லை. எவரெட் 1959-ல் போரின் ஊரான கோபன்ஹேகனுக்கே போய்ப் பேசிப் பார்த்தார், பலனில்லை. அதற்கு முன்பே அவர் பல்கலைக்கழகத்தை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஆய்வு வேலைக்குப் போயிருந்தார், திரும்பி வரவேயில்லை. 1982-ல் 51 வயதில் இறந்தார். பிரைஸ் டிவிட் என்ற இயற்பியலாளர் தொடக்கத்தில், ‘நான் பிரிவதாக எனக்கு உணர்வே வரவில்லையே’ என்ற ரீதியில் மறுப்பு எழுதினார். பூமி நகர்வதாக உங்களுக்கு உணர்வு வருகிறதா என்பது எவரெட்டின் பதிலாக இருந்தது. கோப்பர்நிக்கஸை மறுத்தவர்கள் சொன்னதும் அதைத்தானே. அந்தப் பதிலில் டிவிட் மனம் மாறினார். 1970-ல் இந்தக் கருத்தை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் அவர்தான். இந்தக் கதையை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எவரெட்டை நினைத்து எனக்கு மனம் கனக்கும்.

திரைப்படங்கள் இங்கே செய்யும் பிழை ஒன்று உண்டு. டீயா காபியா என்று நீங்கள் யோசிப்பதால் கிளை பிரிவதில்லை. பிரிவது குவாண்டம் நிகழ்வுகளால். மனித முடிவுக்கு அதில் தனி இடம் இல்லை. பிரிந்த கிளைகள் சுற்றுப்புறத்தின் கோடானுகோடி துகள்களோடு பின்னிக்கொண்டுவிடுவதால், மறுபடி சந்திக்க நடைமுறையில் வழியே இல்லை. அங்கிருந்து இங்கே ஆள் வர முடியாது, சேதியும் வர முடியாது.

2024 டிசம்பரில் கூகுள் வில்லோ என்ற குவாண்டம் கணினிச் சிப்பை வெளியிட்டபோது, அதன் வேகம் பல பிரபஞ்சங்களில் கணக்கு நடக்கிறது என்ற எண்ணத்துக்கு வலு சேர்ப்பதாக அந்த நிறுவனத்தின் பதிவிலேயே எழுதினார்கள். அது இன்னொரு சுற்றுச் செய்திகளைக் கிளப்பியது. எவரெட் விளக்கத்தை ஏற்றாலும் மறுத்தாலும், சிப் என்ன விடை தரும் என்ற கணிப்பு ஒன்றேதான். எனவே சிப் வேலை செய்வது இரண்டில் எதற்கும் சாட்சியாகாது.

‘அண்டங்கள் பல கோடி என்று நம் பக்திப் பாடல்கள் அன்றே சொல்லிவிட்டனவே’ என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். அந்த வரிகளைப் படிக்கும்போது எனக்கும் சிலிர்க்கும். அது எல்லையற்ற ஒன்றின் முன் நின்ற மனிதனின் வியப்பு. சூப்பர்நோவாவை அளந்து வந்த எண்ணை அதற்குள் தேடினால், பாடலுக்கும் நியாயம் செய்யமாட்டோம், அளந்தவர்களுக்கும் செய்யமாட்டோம்.

சரி, சோதிக்க முடியாததை அறிவியல் என்று சொல்லலாமா? இதில் இயற்பியலாளர்களே இரண்டு பக்கம். வீக்கக் கொள்கையை ஆரம்பத்தில் வளர்த்தவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட், எல்லாமே எங்கோ நடக்கும் என்று சொல்லும் கொள்கை எதையும் கணிக்கவில்லை என்று இன்று கடுமையாக எதிர்க்கிறார். அவர் பேச்சில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் முயற்சிகள் நடக்காமலும் இல்லை. நம் குமிழி பக்கத்துக் குமிழியோடு என்றாவது உரசியிருந்தால், அந்தப் பழைய கதிர்வீச்சில் வட்டமான தழும்பு தெரிய வேண்டும். லண்டனில் ஒரு குழு டபிள்யூமேப் தரவில் அதைத் தேடி 2011-ல் முடிவை வெளியிட்டது. நம்பத்தகுந்த தழும்பு எதுவும் கிடைக்கவில்லை. 2014 மார்ச்சில் தென்துருவத்தின் பைசெப்-2 தொலைநோக்கிக் குழு, வீக்கத்தின்போது எழுந்த ஈர்ப்பலைகளின், அதாவது வெளியையே நெளியவைக்கும் அலைகளின், தடத்தைக் கண்டுவிட்டதாக அறிவித்தது. அடுத்த வருடமே பிளாங்க் தரவோடு சேர்த்துப் பார்த்தபோது, அதில் பெரும் பகுதி நம் பால்வெளியின் தூசி என்று தெரிந்தது. அறிவித்தவர்களே அந்தச் சோதனையிலும் சேர்ந்து உழைத்தார்கள்.

உங்கள் கடைசிக் கேள்வி: இன்னொரு நான் இருப்பேனா? வெளி முடிவில்லாததாக இருந்தால், உங்களைப்போலவே ஒருவர் எங்கோ இருப்பார். எவரெட் சொன்னது சரியென்றால், உங்கள் கடந்த காலத்தைப் பகிர்ந்துகொண்டு பிரிந்துபோன பலர் இருப்பார்கள். இந்த இரண்டு ‘என்றால்’களும் இன்னும் திறந்தே கிடக்கின்றன. குமிழிகளின் கதைக்கு மட்டும் அருகில் ஒரு சோதனை இருக்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டருக்கும் மேலே, சைமன்ஸ் ஆய்வகத்தின் தொலைநோக்கிகள் அதே 2.7 டிகிரிக் கதிர்வீச்சைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பைசெப்-2 கண்டதாக நினைத்த அந்த ஈர்ப்பலைத் தடத்தை, இம்முறை தூசியைப் பல அலைவரிசைகளில் அளந்து கழித்துவிட்டுத் தேடுகிறார்கள். அது கிடைத்தால் வீக்கம் நடந்தது என்பதற்கு மிக வலுவான சான்று கிடைக்கும். குமிழிகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கும்.